'போனனான்' முதல் பிறசன்ற் பேர்பெக்ற் வரை: ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறவர்களுக்கு

கட்டுறுபயில்வு, அதாவது கல்வியியற் கல்லூரியிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படிப்பித்துப் பழகும் பயிற்சி, தொடங்கி மூன்றாம் கிழமை. வடமராட்சியில் ஒரு பள்ளிக்கூடம், தரம் 9, இடைவேளைக்கு முந்தின பாடவேளை. பின்வாங்கில் விரிவுரையாளர் கோவையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். முன்வாங்கில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்:

"ரீச்சர், 'ஐ ஹாவ் கோன் ரு நல்லூர் யெஸ்ரடே' எண்டு எழுதினதுக்குப் பிழை போட்டிருக்கிறியள். ஏன் ரீச்சர் பிழை?"

"'ஹாவ்' வந்தா 'யெஸ்ரடே' வராதம்மா. அது றூல்."

"ஏன் வராது?"

வெண்கட்டியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினேன். வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. மணி அடித்ததால் தப்பினேன். விரிவுரையாளர் கோவையில் ஒரு வரிதான் எழுதியிருந்தார்: "விதி தெரிகிறது, காரணம் தெரியவில்லை."

சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு ஏ எடுத்தவள் நான். கதைப்பேன், எழுதுவேன், பிழை விட்டால் காதுக்கு உறுத்தும். ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த மச்சாளிடம் அன்றிரவு அதே கேள்வியைக் கேட்டேன். பிறந்ததிலிருந்து ஆங்கிலம் கதைக்கிறவள். "ஐ டோன்ற் நோ, இற் ஜஸ்ற் சவுண்ட்ஸ் றோங்" என்றாள். கதைக்கிறவளுக்கு அது போதும். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறவளுக்குப் போதாது. அன்றைக்குப் பிறகு நான் கிறமர் படித்த விதத்தை இங்கே எழுதுகிறேன். நீங்கள் ஆசிரிய பயிலுநராக இருந்தாலோ, அடுத்த வருடம் கல்வியியற் கல்லூரிக்குள் போகக் காத்திருந்தாலோ, கொஞ்சம் உதவும்.

முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். நான் வாங்கியது 120 பக்கச் சீ.ஆர். கொப்பி. கிறமர்ப் புத்தகத்தைக் கொஞ்ச நாளைக்கு மூடி வையுங்கள். கொப்பியின் இடப்பக்கத்தில் பிள்ளைகள் எழுதும் பிழைகளை, திருத்தாமல், அப்படியே எழுதுங்கள். வலப்பக்கத்தில் அந்தப் பிள்ளை மனதுக்குள் நினைத்திருக்கக்கூடிய தமிழ் வசனத்தை எழுதுங்கள். இங்கே ஒரு கவனம் தேவை. பாடப்புத்தகத் தமிழ் எழுதக்கூடாது. வாயில் வருகிற யாழ்ப்பாணத் தமிழ்தான் எழுதவேண்டும். "நான் நேற்று நல்லூருக்குச் சென்றேன்" என்று எழுதினால் ஒன்றும் பிடிபடாது. "நான் நேத்து நல்லூருக்குப் போனனான்" என்று எழுதிப் பாருங்கள்.

எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. 'போனேன்' வேறு, 'போனனான்' வேறு. "நீங்கள் கொழும்புக்குப் போனனீங்களோ?" என்று கேட்டால் என்றைக்கு என்பது கேள்வியில்லை, போன அனுபவம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. "ஹாவ் யூ பீன் ரு கொழும்பு?" கேட்பதும் அதையேதான். ஆகவே அந்தப் பிள்ளை 'போனனானு'க்கு 'ஹாவ்' போட்டது மூளையுள்ள வேலை. எங்கே வழுக்கினாள் என்றால், எங்கள் 'போனனான்' நேற்றைச் சேர்த்துக்கொள்ளும். "நேத்துப் போனனான், போன வருசமும் போனனான்" என்று தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கில 'ஹாவ்' அப்படியில்லை. அது இப்போதையில் நின்றுகொண்டு பின்னால் திரும்பிப் பார்க்கிற வடிவம். 'யெஸ்ரடே' என்று முடிந்துபோன நாளைச் சொல்லிவிட்டால் கதை அந்த நாளுக்குள் போய்விடும். அப்போது 'வென்ற்' வேண்டும். 'ருடே', 'திஸ் வீக்' இன்னும் முடியாதபடியால் 'ஹாவ்' அவற்றோடு ஒத்துப்போகும்.

இதைக் கண்டுபிடித்த பிறகு, பிறசன்ற் பேர்பெக்ற் என்று சொல்லும் இந்த 'ஹாவ்' வடிவத்தை ஒரு கிழமை முழுக்கத் துருவினேன். ஆங்கிலத்தில் ஒரு வடிவம் செய்யும் வேலையை எங்கள் வாய் வேறு வேறு வடிவங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. "சாப்பிட்டிட்டன்" என்றால் வேலை முடிந்தது, இனி எனக்குச் சோறு போடவேண்டாம்: "ஐ ஹாவ் ஈற்றன்." "மாமா வந்திருக்கிறார்" என்றால் வந்தவர் இப்போதும் விறாந்தையில் இருக்கிறார்: "அங்கிள் ஹாஸ் கம்." "கனடாவுக்குப் போனவர்" என்றால் போய்த் திரும்பிய அனுபவம்: "ஹீ ஹாஸ் பீன் ரு கனடா." அதுவே "கனடாவுக்குப் போட்டார்" (போய்விட்டார்) என்றால் ஆள் இங்கே இல்லை: "ஹீ ஹாஸ் கோன் ரு கனடா." 'பீன்', 'கோன்' வித்தியாசத்தை எனக்கு எத்தனையோ தடவை விளங்கப்படுத்தியிருக்கிறார்கள், பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும். 'போனவர்', 'போட்டார்' என்று வைத்த பிறகு மறக்கவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் தமிழ் கைவிட்டுவிடும். "நாங்கள் 3 வருசமா கோப்பாயிலை இருக்கிறம்." தமிழில் இது வெறும் நிகழ்காலம். அதனால்தான் பிள்ளைகள் "வீ ஆர் லிவிங் இன் கோப்பாய் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்று எழுதுகிறார்கள். ஆங்கிலம் கேட்பது "வீ ஹாவ் லிவ்ட்", அதோடு 'ஃபோர் த்ரீ இயர்ஸ்'. 'வருசமா' என்று நீளம் சொன்னால் 'ஃபோர்'. '2019இலை இருந்து' என்று தொடங்கின இடம் சொன்னால் 'சின்ஸ்'. இதை என் கொப்பியில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன். தமிழ் உதவும் இடத்தைப்போலவே கைவிடும் இடத்தையும் குறித்துவைக்கவேண்டும். பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் அந்த விளிம்பில்தான்.

நெல்லியடிக்குப் போகும் பஸ்ஸில்தான் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கோப்பாயில் ஏறினால் நீர்வேலி, சிறுப்பிட்டி, பிறகு வல்லை வெளி. சிறுப்பிட்டி வரும்போதெல்லாம் சி. வை. தாமோதரம்பிள்ளை நினைவுக்கு வருவார். 1832இல் அந்த ஊரில் பிறந்தவர். அமெரிக்க மிசனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானவர். அதே மனிதர்தான் தொல்காப்பிய உரைகளை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். ஒரே தலைக்குள் இரண்டு இலக்கணமும் இருந்திருக்கிறது. நாங்கள் என்னவென்றால் தமிழ்ப் பாடம் முடிந்ததும் தமிழ் இலக்கணத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, ஆங்கிலப் பாடத்துக்கு வெறுந்தலையோடு போகிறோம்.

அந்த லாச்சியைத் திறந்தால் ஆர்ட்டிக்கிள் கிடைக்கும். 'ஏ', 'த' தமிழில் இல்லை, அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு வராது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பியிருந்தேன். இந்த இரண்டு வசனத்தையும் வாசியுங்கள்:

அண்ணா சைக்கிள் வாங்கினவர்.
அண்ணா சைக்கிளை வித்துப்போட்டார்.

முதலாவதில் எந்தச் சைக்கிள் என்று கேட்பவருக்குத் தெரியாது. இரண்டாவதில் 'சைக்கிளை' என்று 'ஐ' வந்ததும், இரண்டு பேருக்கும் தெரிந்த அந்தச் சைக்கிள் ஆகிவிடுகிறது. முதலாவது 'ஏ பைசிக்கிள்', இரண்டாவது 'த பைசிக்கிள்'. தமிழ்ப் பாடத்தில் இரண்டாம் வேற்றுமை விரி என்றும் தொகை என்றும் பாடமாக்கியது இவ்வளவு உயிருள்ள விசயம் என்று அப்போது எனக்குத் தெரியாது. வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன். தமிழ் வசனம் பத்து கொடுத்தேன், ஐந்தில் 'ஐ' உண்டு, ஐந்தில் இல்லை. 'த' போடவேண்டியதைப் பிள்ளைகளே தெரிந்தெடுத்தார்கள். இரண்டு பேர் தவிர எல்லோரும் சரி.

எங்கே உடையும்? ஆட்களைச் சொல்லும்போது 'ஐ' பெரும்பாலும் வந்துவிடும். "ஒரு ரீச்சரைக் கண்டனான்" என்பதில் 'ஐ' இருந்தாலும் ஆங்கிலத்தில் 'ஏ ரீச்சர்'தான். எழுவாயில் 'ஐ' இல்லை. அங்கே 'ஒரு' இருக்கிறதா என்று பாருங்கள். "நாய் குரைக்குது" என்றால் எங்கள் வீட்டு நாய், "ஒரு நாய் குரைக்குது" என்றால் ஏதோ ஒரு நாய். சூரியன், சந்திரனுக்கு ஏன் 'த' என்றால் ஒன்றுதானே இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்தது. ஊர்ப்பெயருக்கு முன்னால் 'த' வராது. மிச்சம் இருக்கிற விதிவிலக்குகளுக்கு வாசிப்புத்தான் மருந்து. ஒரு ஆங்கிலப் பத்திரிகைத் துண்டை எடுத்து 'ஏ', 'த' எல்லாவற்றையும் வெள்ளை மையால் அழித்துவிட்டு, அடுத்த நாள் நிரப்புங்கள். பிழைத்தவற்றுக்கு மட்டும் காரணம் தேடுங்கள். நாளைக்கு ஒரு பந்தி, பத்து நிமிசம்.

பிறிப்பொசிசனில் இடத்தை விட நேரம் சுகம். "6 மணிக்கு வா", "திங்கக்கிழமை வா", "மாசியிலை வா." முதலாவதில் 'க்கு', இரண்டாவதில் ஒன்றுமில்லை, மூன்றாவதில் 'இலை'. ஆங்கிலத்தில் முறையே 'அற்', 'ஒன்', 'இன்'. இதைச் சொன்ன அன்று வகுப்பில் ஒருவன் மேசையில் தட்டினான். ஆனால் "இரவிலை" என்பது 'அற் நைற்', "காலமை" என்பது 'இன் த மோர்னிங்'. இடத்துக்கு வந்தால் தமிழ் ஒரே 'இலை'யில் எல்லாவற்றையும் முடித்துவிடும்: மேசையிலை, பெட்டியிலை, சந்தியிலை. ஆங்கிலம் கேட்கும்: மேலே படுகிறதா, உள்ளே அடங்குகிறதா, ஒரு புள்ளியா? ஓட்டோவுக்குள் குனிந்து ஏறுகிறோம், 'இன்'. பஸ்ஸில் ஏறி நின்று நடக்கலாம், 'ஒன்'. இந்தக் காரணம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது, ஆனால் பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் ஏன் வேறு வேறு என்று கேட்கும் பிள்ளைக்கு இது போதும்.

'டிட் யூ வென்ற்?', 'ஐ டிட் நொட் வென்ற்' என்ற பிழை என் கொப்பியில் 17 தடவை இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். 'டிட்'டுக்குப் பிறகு வேர்ப்பின் முதல் வடிவம் வரவேண்டும் என்று நான் தொண்டை வறளச் சொல்லியும் நிற்கவில்லை. பிறகு எதிர்மறையைத் தமிழில் எழுதினேன். "போனன்" என்பதன் எதிர்மறை என்ன? "போகேல்லை." 'போன' எங்கே? காணவில்லை. 'போக' என்று வெறும் வினையாகிவிட்டது. "போனன் இல்லை" என்று எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லமாட்டினம். ஆங்கிலத்திலும் 'வென்ற்' கழன்று 'கோ' ஆகிறது. காலத்தை 'டிட்' சுமக்கிறது, இரண்டு பேர் சுமக்கத் தேவையில்லை. அந்தப் பாடத்துக்குப் பிறகு 17, 17ஆகவே நின்றது என்று சொல்ல ஆசை. நிற்கவில்லை. 21 ஆனது. ஆனால் 'போகேல்லை' என்று நான் வாயசைத்தால் போதும், தாங்களே அழித்துத் திருத்துவார்கள்.

'ஐ ஆம் நோவிங்', 'ஐ ஆம் லைக்கிங்' என்று எழுதுகிறவர்களுக்கும் இதேபோல ஒரு சாவி இருக்கிறது. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேணும். இந்த வினைகள் எல்லாம் 'நான்' என்று தொடங்காமல் 'எனக்கு' என்று தொடங்குகின்றன, "தெரிஞ்சுகொண்டிருக்கிறன்" என்று வழக்கமாக நீளுவதுமில்லை. ஆங்கிலத்தில் 'நோ', 'லைக்', 'வோன்ற்' மூன்றும் 'இங்' எடுக்கத் தயங்குகின்றன. இவை செய்கிற வேலைகள் இல்லை, எங்களுக்குள் இருக்கிற நிலைகள். இரண்டு மொழியும் அதை வெவ்வேறு வழியில் காட்டுகின்றன. 'விளங்குது' மட்டும் ஏமாற்றும். தமிழில் நிகழ்காலமாக வருவதால் 'ஐ ஆம் அண்டர்ஸ்ராண்டிங்' என்று எழுதவைக்கும். 'ஐ ஆம் ஹாவிங் ரூ பிரதர்ஸ்' என்ற பிழைக்குக் காரணம் "இருக்கினம்" என்பதில் உள்ள 'இரு' என்று ஊகிக்கிறேன். 'கொண்டிருக்கிறன்' என்பதிலும் அதே 'இரு' இருப்பதால், 'இரு' என்று கேட்டதும் பிள்ளைக்கு 'இங்' கண்ணில் தெரிகிறது.

12 ரென்ஸ் (கால வடிவங்கள்) பட்டியல் பற்றி ஒரு வார்த்தை. ரியூசன் சுவர்களில் பெரிய சாட்டாக ஒட்டியிருப்பார்கள், எங்கள் விடுதிச் சுவரிலும் ஒன்று இருந்தது. முதல் இரண்டு மாதம் அதைப் பார்க்காதீர்கள். ஆங்கில வினை தன் உருவத்தை மாற்றிக் காட்டுவது இரண்டு காலத்துக்குத்தான்: 'கோ', 'வென்ற்'. எதிர்காலத்துக்கு வினை மாறுவதில்லை, 'வில்' என்று ஒரு சொல் முன்னால் வந்து நிற்கிறது. தமிழில் போனான், போறான், போவான் என்று மூன்றும் வினைக்குள்ளேயே இருக்கின்றன. அதுமட்டுமில்லை, எங்கள் எதிர்காலம் வழக்கத்தையும் சொல்லும். "அப்பப்பா விடிய 4 மணிக்கு எழும்புவார்." இதைப் பிள்ளை 'மை கிராண்ட்ஃபாதர் வில் கெற் அப் அற் ஃபோர் எவ்ரி டே' என்று எழுதுவாள். வேண்டியது 'கெற்ஸ் அப்'. சாட்டைப் பாடமாக்கியவருக்கு இது 'சிம்பிள் பிறசன்ற், விதி 1'. 'எழும்புவார்' தெரிந்தவருக்கு அவள் எதில் தடுக்கினாள் என்று தெரியும்.

மூன்றாம் ஆளுக்கு வரும் 'எஸ்' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தமிழில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு விகுதி. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் அப்படி நிறைய இருந்து, உதிர்ந்து, சாதாரண வினைகளில் இந்த 'எஸ்' ஒன்றுதான் மிச்சம். எங்கள் பிள்ளைகளுக்கு இந்த எண்ணம் புதிதில்லை, மறதிதான். எழுதி முடித்ததும் 'எஸ்' தேடி ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.

தமிழ் ஒரு உதவியும் செய்யாத இடங்களும் உண்டு. ஒழுங்கில்லாத வினைகள், எழுத்துக்கூட்டல், 'லுக் ஆஃப்ரர்', 'கிவ் அப்' போன்ற கூட்டு வினைகள். இவற்றைப் பாடமாக்கத்தான் வேண்டும். அகரவரிசையில் பாடமாக்காதீர்கள், ஓசையில் சேருங்கள்: 'சிங், சாங், சங்', 'றிங், றாங், றங்'. மாறாதவற்றை ஒரு கூட்டமாக: 'கற்', 'புற்', 'ஹிற்', 'ஷற்'. அம்மா இடியப்பம் பிழியும் நேரம் நான் குசினி வாசலில் நின்று உரத்துச் சொல்வேன். அம்மாவுக்கும் இப்போது 'டிறிங்க், டிறாங்க், டிறங்க்' பாடம்.

கொப்பி ஓரளவு நிரம்பிய பிறகு கிறமர்ப் புத்தகத்தைத் திறவுங்கள். முதல் அத்தியாயத்திலிருந்து வாசிக்கத் தேவையில்லை. கொப்பியில் எந்தப் பிழை கூட இருக்கிறதோ அந்த அத்தியாயம் முதலில். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அந்த விதியை ஆங்கிலச் சொல்லே கலக்காமல் வீட்டில் யாருக்காவது விளங்கப்படுத்துங்கள். என்னிடம் மாட்டியது தரம் 7 படிக்கும் தம்பி. அவன் "பிறகு?" என்று கேட்டால் விளங்கியிருக்கிறது. "சரி சரி" என்றால் எனக்கே இன்னும் விளங்கவில்லை, திரும்ப வாசிக்கவேண்டும்.

இவ்வளவையும் வகுப்பில் கொட்டிவிடாதீர்கள். நான் கொட்டினேன். இரண்டாம் தடவை மேற்பார்வைக்கு வந்தபோது விரிவுரையாளர் கேட்டார், "பிள்ளை, இது இங்கிலிஷ் பாடமோ, தமிழ் இலக்கணப் பாடமோ?" அவர் சொன்னது நியாயம். 40 நிமிசப் பாடவேளையில் தமிழ் ஒப்பீட்டுக்கு 3 நிமிசம் போதும். முதலில் ஆங்கில வசனங்கள், ஐந்தாறு, பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்து. அவர்கள் பார்த்து, ஒரே மாதிரி வருவதைச் சொல்லட்டும். தடக்கும் இடத்தில் ஒரு தமிழ் வசனம், பலகையின் மூலையில். பிறகு மிச்ச நேரம் முழுக்க ஆங்கிலத்தில் கதைக்கவும் எழுதவும் விடுங்கள். கொப்பி உங்களுக்கான மருந்துப் பெட்டி. வருத்தம் வந்தவருக்கு, வந்த வருத்தத்துக்கு மட்டும் எடுத்துக் கொடுங்கள். பிள்ளை கதைக்கும்போது இடையில் மறித்துத் திருத்தவேண்டாம். நான் கடதாசித் துண்டில் குறித்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிசத்தில் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதுவேன்.

தரம் 9 பிள்ளையிடம் திரும்பிப் போனேன். நான்கு நாள் கழித்து, 'போனனான்' கதையோடு. கேட்டுவிட்டு, "அப்ப நான் எழுதினது யாழ்ப்பாண இங்கிலிஷ், என்ன ரீச்சர்?" என்றாள். ஓம் என்றேன்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வசனம் இருக்கிறது. மணி அடித்ததும் தரம் 6 பிள்ளைகள் வாசலில் நின்று ஒன்றாகச் சொல்வது: "கோயிங் அண்ட் கமிங், ரீச்சர்!" வலப்பக்கத்தில் "போட்டு வாறம், ரீச்சர்" என்று எழுதியிருக்கிறேன். 'போறம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக அந்தப் பிள்ளைகளுக்கு வாய் வராது. அதற்கு நான் இதுவரை பிழை போடவில்லை.